பால்பல்லுக்கு இரவுக் காவல்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார், தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக் கண்ணனைத் தாயின் கண்ணோடு பாடும்போது அவன் வாயைக் கூர்ந்து பார்க்கிறார். சிவந்த வாய்க்குள் அப்போதுதான் தலைநீட்டிய வெள்ளைப் பல், செவ்வானத்தில் மரக்கொம்பின் நுனியில் தெரியும் சிறு பிறையைப்போல அவருக்குப் படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குழந்தையின் முதல் பல்லை இவ்வளவு அருகில் போய்ப் பார்த்திருக்கிறார் ஒருவர்.

முதல் பல் முளைத்ததும் நம் வீடுகளில் இன்றும் அதே மகிழ்ச்சிதான். பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறோம். பிள்ளையின் கீழுதட்டை மெல்ல இறக்கி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறோம். ஆனால் அந்தப் பல்லை யார் துடைப்பது, எப்போது துடைப்பது என்ற பேச்சு அன்றைக்கு எழுவதில்லை. இரண்டு வருடம் கழித்து மேல்வரிசையில் பழுப்புக் கோடு தெரியும்போதுதான் எழுகிறது.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வின்படி, 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 12 வயதில் அது 53.8 சதவீதம், 15 வயதில் 63.1 சதவீதம். அதாவது ஒன்றாம் வகுப்பில் கால்வைக்கும் முன்பே, இரண்டில் ஒரு பிள்ளையின் பல் கெட்டுப்போகத் தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பால்பல்லில் சொத்தையோடு வாழும் குழந்தைகள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 51.4 கோடிப் பேர் என்கிறது. இத்தனைக்கும் இது பெரும்பாலும் வராமல் தடுக்கக்கூடிய நோய்.

இந்த அத்தியாயத்துக்கு ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஊர், ராஜபாளையம் நூற்பாலை ஊர். பல் சொத்தையை விளக்க இதைவிடப் பொருத்தமான இரட்டை ஊர் கிடைக்காது. ஏனென்றால் சொத்தையின் கதையில் பாதி இனிப்பின் கதை. மீதிப் பாதி இரவு நேரத்தின் கதை.

பூச்சியா, அமிலமா?

சொத்தைப் பல்லை நாம் பூச்சிப்பல் என்கிறோம். பல்லைப் புழு குடைகிறது என்ற நம்பிக்கை பழைய பாபிலோனியாவிலும் இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது. 1728இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் தன் பெருநூலில், எவ்வளவு தேடியும் சொத்தைக்குள் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். அவர் சொன்னது சரி. ஆனால் பல்லின் மேல் உயிர்கள் இருக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1683இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக், தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிற மாவைத் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதற்குள் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிந்தன.

அந்த உயிர்களையும் சொத்தையையும் இணைத்துக் காட்டியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர். வாயில் உள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் வெளிவந்த நூலில் அவர் நிறுவினார். 1924இல் கிலியன் கிளார்க், சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். வாயில் வாழும் நூற்றுக்கணக்கான கிருமி வகைகளில் சொத்தைக்குப் பெரும்பங்கு வகிப்பவற்றில் இது ஒன்று.

இந்தக் கிருமிக்கு இரண்டு கைவேலைகள் தெரியும். சீனி கிடைத்தால் அதன் ஒரு பகுதியைத் தின்று அமிலத்தைக் கக்கும். இன்னொரு பகுதியைக் கொண்டு பசைபோன்ற ஒரு பொருளைச் செய்து பல்லோடு தன்னை ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையில் மற்ற கிருமிகளும் வந்து குடியேறும். காலையில் எழுந்து நாக்கால் பல்லைத் தடவினால் வழவழவென்று படுகிறதே, அதுதான் அந்தக் குடியிருப்பு. வாய் கொப்பளித்தால் அது போகாது. தேய்த்தால்தான் போகும். பிரஷ் எதற்கு என்ற கேள்விக்கு முழுப் பதிலும் இதுதான்.

பல்லின் மேலோடான எனாமலில் 96 சதவீதம் தாதுப்பொருள். நம் உடலில் அதைவிடக் கடினமானது வேறொன்றும் இல்லை. ஆனால் கல்லுக்கும் கரைகிற குணம் உண்டு. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கழன்று வெளியேறத் தொடங்கும். 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல்லின் மேலேயே அமிலத்தை அளந்து பார்த்தார். சில நிமிடங்களில் பிஎச் சரசரவென்று இறங்கியது. பழைய நிலைக்கு ஏறிவர அரை மணி நேரத்துக்கும் மேலானது.

அப்படி ஏற்றிவிடுவது எது? எச்சில். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும், கழன்றுபோனதைத் திரும்பக் கொண்டுவந்து பூசும் கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சிலில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் நம் பல்லில் கரைதலும் பூசுதலும் மாறி மாறி நடக்கின்றன. கரைதல் தொடர்ந்து வென்றால் முதலில் வெண்புள்ளி, பிறகு பழுப்பு, பிறகு குழி. வெண்புள்ளியாக இருக்கும்வரை அதைத் திருப்பிவிட முடியும். குழி விழுந்தபின் எச்சிலால் அதை அடைக்க முடியாது.

பிள்ளைகளுக்கு இதைக் கண்முன் காட்ட ஒரு முட்டை போதும். ஒரு கிண்ணத்தில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி, முட்டையை ஓர் இரவு ஊறவையுங்கள். ஓட்டின் மேல் குமிழ்கள் எழும். மறுநாள் ஓடு மெலிந்து குழைந்திருக்கும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் அல்ல. ஆனால் கால்சியத்தால் கட்டிய சுவரை அமிலம் கரைக்கும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது. நூறு முறை அதட்டிச் சொல்வதைவிட அந்தக் குழைந்த முட்டையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு விஷயம் சீக்கிரம் புரியும்.

பால்கோவா எப்போது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சீனியும் மட்டும். அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்தால் அது வந்துவிடுகிறது. பல்லின் பார்வையில் இந்த இரண்டு பொருளும் எதிரெதிர்த் துருவங்கள். பாலில் உள்ள கேசின் புரதமும் கால்சியமும் எனாமலுக்குத் துணை நிற்பவை. பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸிலிருந்து கிருமிகள் அமிலம் தயாரிப்பதும் மெதுவாகத்தான். நாம் சேர்க்கும் சீனிதான் கிருமிக்கு அமிலத்தையும் பசையையும் ஒருசேரத் தருகிறது.

அப்படியானால் பால்கோவா ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பால்கோவா கூடாதா? கூடும். எவ்வளவு என்பதோடு எப்போது என்றும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு துண்டு பால்கோவாவை மத்தியானச் சோற்றோடு சாப்பிட்டால் பல் ஒருமுறை அமிலத்தில் நனைகிறது. வாயில் எச்சில் நன்றாகச் சுரக்கிற நேரம் அது, சீக்கிரம் தணிந்துவிடும். அதே துண்டைக் கிள்ளிக் கிள்ளிப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் கொடுத்தால் பல் நான்கு முறை நனைகிறது. சீனியின் அளவு ஒன்றுதான், சேதம் பல மடங்கு.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது சுவீடனில் 1945இல் தொடங்கிய விபெஹோல்ம் ஆய்வு. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி தின்றவர்களின் பற்கள் வெகுவேகமாகக் கெட்டன. அந்த ஆய்வு நடந்தது மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மருத்துவமனையில். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்று எந்த நாட்டிலும் அப்படி ஓர் ஆய்வுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அவர்களின் பற்களை விலையாகக் கொடுத்து வந்த அறிவு அது. அதை வீணடிக்காமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.

ஒட்டும் டாஃபிக்கு நம் பக்கத்தில் உறவினர்கள் உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அவற்றில் ஒன்று. கடலை நல்ல உணவு. ஆனால் அதைப் பிணைக்கும் வெல்லப்பாகு கடைவாய்ப் பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். வெல்லமும் கருப்பட்டியும் இயற்கையானவை, பல்லை ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான் அவற்றிலும் பெரும்பகுதி. கிருமிக்கு வேறுபாடு தெரியாது. தேனும் அப்படியே. பால்புட்டியின் நிப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

ஆடிப்பூரத் தேரன்று பிள்ளைகள் இனிப்புத் தின்னட்டும். ஊரே கூடும் திருநாளில் பல்லைச் சொல்லி அவர்களை அழவைக்க வேண்டாம். பல்லைக் கெடுப்பது வருடத்தின் ஒருநாள் திருவிழா அல்ல. தினமும் பள்ளிவிட்டு வந்து உறங்கும்வரை பிஸ்கட், இனிப்பு டீ, மிட்டாய் என்று ஓயாமல் மெல்லும் வாய்தான் கெடுகிறது.

ராத்திரி ஷிப்ட்

1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதிலிருந்து அந்த ஊரின் வாழ்க்கை ஷிப்ட் கணக்கில் நடக்கிறது. பகல், சாயங்காலம், ராத்திரி. ஊர் உறங்கும்போதும் நூற்பாலைக் கதிர்கள் சுழன்றுகொண்டே இருக்கும். வாய்க்குள்ளும் அப்படித்தான். விழித்திருக்கும்போது எச்சில் ஓயாமல் சுரந்து கழுவிக்கொண்டே இருக்கிறது. உறங்கிவிட்டால் அதன் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. காவலாளி வீட்டுக்குப் போய்விட, கிருமிகள் மட்டும் ராத்திரி ஷிப்டில் முழுமூச்சாக வேலை பார்க்கின்றன. உறங்கும்முன் பல்லில் தங்கிய சீனி விடியவிடிய அங்கேயே இருக்கிறது.

நம் மக்கள் பல் சுத்தத்தில் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத தாத்தாக்கள் நமக்கு உண்டு. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியாகச் சொல்லும் பழமொழி தெரியாத வீடு இல்லை. மென்ற குச்சியின் நார் பல்லை உரசிச் சுத்தம் செய்தது உண்மை. ஆனால் அந்த மரபு முழுவதும் காலை நேரத்துக்கானது. எழுந்ததும் வாயைத் தூய்மை செய்து நாளைத் தொடங்குவதற்கானது. நாள் முழுக்கச் சீனி புழங்காத காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று நம் பிள்ளைகளின் வாய்க்கு அது போதவில்லை. மூன்று வயதுப் பிள்ளை வேப்பங்குச்சியை மென்று கடைவாய்வரை தேய்க்கவும் முடியாது. சாம்பலும் செங்கல் பொடியும் எனாமலை அராவிவிடும்.

நம் மரபில் விடுபட்ட அந்த ஒரு வேளையைச் சேர்த்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. காலைத் தேய்ப்பு இருக்கட்டும்; இரவுத் தேய்ப்பு கட்டாயம் வேண்டும்.

இரவில் பால்பல்லுக்கு வரும் ஆபத்துகளில் முதலாவது பால்புட்டி. அம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போன வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ பிள்ளையைத் தூங்கவைக்கிறார்கள். சீனி போட்ட பால்புட்டியை வாயில் வைத்தால் அழுகை நிற்கும். அதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூக்கத்தில் விழுங்காமல் தேங்கிய பால் மேல் முன்பற்களைச் சுற்றி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் ஓரளவு மூடிக் காக்கின்றன. மேலே அந்தக் காவல் இல்லை. அதனால்தான் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மேல் நான்கு பற்கள் மட்டும் அரித்துப்போயிருப்பதைப் பார்க்கிறோம். பாலை விழித்திருக்கும்போதே, சீனி சேர்க்காமல் கொடுத்துவிடுங்கள். பிறகு பல்லைத் துடையுங்கள். நள்ளிரவில் தாகம் என்றால் தண்ணீர் கொடுங்கள்.

இரண்டாவது, இருமல் சிரப். குழந்தைகளுக்கான சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. படுக்கும்முன் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், கொடுத்தபிறகு பல் தேயுங்கள்.

விழப்போகிற பல்தானே?

பல் மருத்துவர்கள் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான்: "பால்பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகுது?"

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலைக்காட்டில் சாம்பல் நிற மலை அணில்கள் வாழ்கின்றன. அவற்றுக்காகவே 1988இல் அங்கே ஒரு சரணாலயம் அமைந்தது. அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். தேயத் தேய வேரிலிருந்து புதிதாக வரும். சுறாமீனுக்கு வரிசை வரிசையாகப் பற்கள் மாறிக்கொண்டே இருக்கும். மனிதனுக்கு இயற்கை கொடுத்தது இரண்டே தொகுதி: 20 பால்பல், பிறகு 32 நிலைப்பல். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் நம் வழக்கம், புதுப்பல் நல்லபடியாக வர வேண்டும் என்ற ஆசையின் வடிவம். அந்த ஆசை நிறைவேற வேண்டுமானால் பழைய பல் விழும் நாள்வரை நன்றாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. முன்பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை வாயில் இருந்தாக வேண்டும். அத்தனை வருடங்களும் பிள்ளை மெல்ல வேண்டியது அவற்றைக்கொண்டுதான். அவை அடியில் உருவாகும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்துவைக்கும் வேலையையும் செய்கின்றன. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சரிந்துவந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் பல்வரிசை கோணலாகும். பால்பல்லின் வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலும் பழுதாகலாம். பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினதைவிட மிக மெல்லியது என்பதால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

இதில் பெற்றோர் தவறவிடும் ஒரு பல் உண்டு. ஏறத்தாழ 6 வயதில், பால்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது பால்பல் அல்ல. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப்பல். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். வாயின் கடைசி மூலையில் இருப்பதால் பிரஷ் அதை எளிதில் எட்டாது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் வருடம், டார்ச் அடித்து அந்த மூலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சத்திரப்பட்டித் துணியிலிருந்து தொடங்கலாம்

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. பிள்ளையின் முதல் பல் தூரிகை அந்தத் துணியாகவே இருக்கலாம். சுத்தமான மெல்லிய துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, பால் குடித்தபின் ஈறை மெல்லத் துடைத்துவிடுங்கள். பல் வருவதற்கு முன்பே வாயில் விரல் படப் பழகிய பிள்ளை, பிறகு பிரஷைக் கண்டு முரண்டு பிடிப்பது குறைவு.

முதல் பல் 6 மாதத்தை ஒட்டி வரும். வந்த அன்றே சிறிய தலையும் மிருதுவான குச்சமும் கொண்ட குழந்தை பிரஷுக்கு மாறலாம். மூன்று வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடும். பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கினால் இடுக்குகளைத் தனியே கவனிக்க வேண்டும்.

தேய்க்கும் முறை இது. பிள்ளையை உங்களுக்கு முதுகு காட்டி நிறுத்தி, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையென்றால் மடியில் படுக்கப்போடுங்கள். ஒரு கையால் உதட்டை விலக்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். கடைவாயில் தொடங்குங்கள். பிள்ளை பொறுமை இழப்பதற்குள் முக்கியமான இடம் முடிந்திருக்கும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் மேற்புறம் மூன்றும் சேர்த்து இரண்டு நிமிடம். கடைசியில் நாக்கையும் ஒருமுறை மெல்ல வருடிவிடலாம். அழுத்த வேண்டாம், அழுத்தினால் குச்சம்தான் விரியும். குச்சம் விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் ஆகிவிட்டாலோ பிரஷை மாற்றிவிடுங்கள்.

எந்த வயதுவரை நாம் தேய்த்துவிட வேண்டும்? 7, 8 வயதுவரை. இது பலரை வியக்கவைக்கும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டு, ஷூ கயிற்றைத் தானே கட்டும் வயதில்தான் பல்லின் உட்புற மூலைகளைத் தேய்க்கும் விரல்நுட்பமும் கைகூடுகிறது. அதுவரை, "நானே தேய்க்கிறேன்" என்று அடம்பிடிக்கும் பிள்ளை முதலில் தேய்க்கட்டும். அந்த ஆசை நல்லது. பிறகு ஒரு முறை நீங்கள் தேய்த்துவிடுங்கள். பல் தேய்க்கச் சொல்வது வேறு, தேய்த்துவிடுவது வேறு. சின்னப் பிள்ளைகளின் பல்லைக் காப்பது இரண்டாவதுதான்.

பிள்ளையின் வாய்க்குக் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் நெருங்கிய பெரியவர்களின் எச்சிலிலிருந்து. ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டுவது, மென்று கொடுப்பது, நிப்பிளைத் தன் வாயில் நனைத்துத் துடைப்பது எல்லாம் அதற்கு வழி. வீட்டில் தாயின், பாட்டியின் சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது பிள்ளையின் பல்லுக்கும் வைத்தியம்தான்.

பட்டாணி அளவு

பேஸ்ட் விளம்பரங்களில் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கிக் காட்டுவார்கள். பிள்ளைக்கு அவ்வளவு கூடாது. 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணி அளவு. இந்தக் கணக்குக்குக் காரணம் ஃப்ளோரைடு.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901இல் ஃப்ரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், மக்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் அவருக்குப் புலப்பட்டது. குடிநீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931இல் தெரிந்தது. கறையும் காவலும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். எனாமலோடு ஃப்ளோரைடு சேரும்போது அது அமிலத்துக்கு எளிதில் கரையாத வடிவம் பெறுகிறது. அதுவே பல் உருவாகும் வயதில் அதிகமாக விழுங்கப்பட்டால் பல்லில் கறை விழும். வருடக்கணக்கில் மிகுந்தால் எலும்பையும் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்தத் துன்பத்தை நீண்டகாலம் சுமந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பதே நல்லது, 1.5ஐத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லின் மேலே பட வேண்டியது, வயிற்றுக்குள் போக வேண்டியதல்ல. அதனால்தான் அரிசி, பட்டாணிக் கணக்கு. தேய்த்து முடித்தபின் நுரையைத் துப்பட்டும். மடக் மடக்கென்று தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும்.

ஒரு மண்டலமும் 18 நாளும்

இவ்வளவும் தெரிந்த வீட்டிலும் பழக்கம் நிற்பதில்லை. அறிவு வேறு, பழக்கம் வேறு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலேயே நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது? சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை நீளும் என்ற கணிப்பும் வந்தது. நம் கணக்கில் 48 நாள் மண்டலம் ஒன்றும் மேலே 18 நாளும். இடையில் ஒருநாள் தவறியதால் அவர்களின் பழக்கம் கலைந்துவிடவில்லை என்பதும் தெரிந்தது. அதனால் ஒருநாள் பிள்ளை அப்படியே உறங்கிப்போனால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். மறுநாள் தொடருங்கள்.

பழக்கத்துக்கு நேரத்தைவிட முக்கியம், அது எதன் பின்னால் வருகிறது என்பது. நூற்பாலைச் சங்கு ஊதினால் கால் தானாக நடப்பதுபோல, பல் தேய்க்கவும் ஒரு சங்கு வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பது அந்தச் சங்காக இருக்கலாம். பாய் விரிப்பது இருக்கலாம். தட்டு, பிரஷ், பாய் என்று எல்லா நாளும் ஒரே வரிசையில் நடக்கட்டும். பிரஷுக்குப் பின் தண்ணீர் தவிர வாயில் எதுவும் போகாது என்பது ஒன்றே விதி. ஷிப்ட் வீடுகளில் இன்றைக்கு யார் தேய்த்துவிடுவது என்பதை வேலைக்குக் கிளம்பும்முன்பே பேசி வைத்துவிட வேண்டும். அப்பா, அப்பத்தா, அக்கா யாராக இருந்தாலும் சரி, வரிசை மாறக்கூடாது.

பிள்ளை கேட்பதைவிடப் பார்ப்பதைச் செய்யும். அப்பா இரவில் பல் தேய்க்காத வீட்டில் பிள்ளைக்கு மட்டும் அது தண்டனையாகத் தெரியும். எல்லோரும் முற்றத்துக் குழாயடியில் சேர்ந்து நின்று தேய்த்தால் அது விளையாட்டாகிவிடும். இரண்டு நிமிடம் ஓடும் ஒரு பாட்டைப் பாடுங்கள். நன்றாகத் தேய்த்த நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். இனிப்பைப் பரிசாகத் தராதீர்கள். "ஒழுங்கா இல்லேன்னா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டவும் கூடாது. முதல் பிறந்தநாளுக்குள் வலி எதுவும் இல்லாதபோதே ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட்டால், அந்த நாற்காலி பிள்ளைக்குப் பயமில்லாத இடமாகிவிடும்.

பள்ளிக்கூடக் குழாயடி

வீட்டால் முடியாததைப் பள்ளி செய்ய முடியும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் மேற்பார்வையில் தினம் ஒருமுறை பல் தேய்க்கிறார்கள். அதன்பின் அங்கே குழந்தைகளின் சொத்தை குறைந்தது; சிகிச்சைக்கு ஆகும் செலவும் குறைந்தது. பணக்கார நாட்டுக்குத்தான் இது முடியும் என்று சொல்ல வேண்டாம். பிலிப்பைன்ஸ் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவி, பல் தேய்க்கும் திட்டம் நடந்துவருகிறது. அங்கே வேண்டியிருந்தது குழாய், பிரஷ், கொஞ்சம் பேஸ்ட், ஓர் ஆசிரியரின் பத்து நிமிடம்.

தமிழ்நாட்டில் அதற்கான பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1982 முதல் சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அங்கன்வாடிகள் என்று நம் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டு, ஒன்றாகக் கை கழுவுகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிக்கே வந்து பார்க்கும் குறைபாடுகளில் பல் நோயும் உண்டு. கை கழுவும் அந்தக் குழாயடியில் பெயர் எழுதிய ஒரு பிரஷையும் மாட்டிவைப்பதுதான் பாக்கி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் மனம்வைத்தால் அடுத்த ஜூன் மாதத்திலேயே இதைத் தொடங்கலாம்.

ஆனால் பள்ளியால் தர முடிவது பகல் வேளைத் தேய்ப்பு. இரவுக் காவல் வீட்டின் பொறுப்பு. அதற்குச் செலவு ஒரு சிறிய பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம். இன்று ராத்திரி தட்டைக் கழுவி வைத்ததும், பாய் விரிக்கும்முன், உங்கள் பிள்ளையின் தலையை வயிற்றில் சாய்த்துக்கொண்டு அந்தச் சின்ன வாயைத் திறந்து பாருங்கள். கடைவாயிலிருந்து தொடங்குங்கள்.